கட்டைவிரல் பதிந்த கூரை

"உப்பு எப்படி இருக்கும்?"

அடிபம்புக்கு முன்னால் குடத்தோடு நின்றபோது ஆம்பியா என்னிடம் இப்படிக் கேட்டாள். பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு, மேலே படிக்கவும் வழியில்லாமல் வேலையும் கிடைக்காமல் நான் குல்னாவை ஒட்டிய எங்கள் தௌலத்பூரைச் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. கரிக்கும் என்றேன். "கரிக்கும்னா எப்படி?" என்றாள். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேதியியலில் எண்பத்தொன்று வாங்கியவன் நான். அவள் சிறிது நேரம் என் வாயையே பார்த்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் அவளுக்கு விசாரணை. அந்தக் கேள்வியை ஏன் கேட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பைரவ் ஆற்றங்கரையில் மூடிக்கிடந்த பழைய சணல் மில்லின் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்து, புதுக் கம்பெனி ஒன்று கூரை ஷீட் செய்ய ஆரம்பித்திருந்தது. சணல் துணியை ஐந்தாறு அடுக்காக வைத்து, பிசின் ஊற்றி, சூடான பிரஸ்ஸில் அழுத்தினால் தகரம் மாதிரியே நெளிநெளியாக ஷீட் வரும். தகரம் போலச் சுடாது, உப்புக்காற்றில் துருவும் பிடிக்காது. ஆனால் சணல் தண்ணீரைக் குடித்து ஊதிவிடும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் துணியை முதலில் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டு, காரம் போகிறவரை அலசவேண்டும். அப்போதுதான் பிசின் நன்றாகப் பிடிக்கும், ஈரம் உள்ளே இறங்காது. பிறகு, வேலைக்காரர்கள் 'தீ உப்பு' என்று சொல்லும் ஒன்றைக் கரைத்த தொட்டியில் முக்கிக் காயவைக்கவேண்டும். அந்த உப்பு ஏறிய துணியில் தீ வைத்தால் கருகும், அணைந்துபோகும்.

ஆம்பியா அலசுகிற வேலைக்குத்தான் வந்தாள். புருஷன் கப்பல் உடைக்கப் போகிறேன் என்று சட்டக்ராம் துறைமுகம் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். மகள் மொய்னாவை இழுத்துக்கொண்டு இரண்டு வருடம் அண்ணன் வீட்டில் கிடந்தாள். அண்ணன் மனைவி சோற்றுப்பானையை மடியில் வைத்துக்கொண்டுதான் பரிமாறுவாள். கம்பெனியில் வேலை கிடைத்தால் லைன் வீட்டில் ஓர் அறை உண்டு என்று கேள்விப்பட்ட அன்றே ஆம்பியா கிளம்பிவிட்டாள். எட்டு அறை கொண்ட வரிசையில் ஐந்தாவது அறை. வேலை இருக்கிற வரைக்கும் அறை. இந்த ஒரு வரியை அவள் ஒருநாளும் மறந்ததில்லை.

காரம் போய்விட்டதா என்று பார்க்க, கெமிஸ்ட் பிஜன் பாபுவிடம் நிறம் மாறும் காகிதத் துண்டுகள் இருந்தன. உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க, தொட்டிக்குள் மிதக்கவிடும் ஒரு கண்ணாடிக் குழலும் இருந்தது. முதல் மழைக்காலத்திலேயே காகிதமெல்லாம் டப்பாவுக்குள் நமுத்து ஒரே நிறமாகிவிட்டது. கண்ணாடிக் குழல் யாருடைய கையிலிருந்தோ விழுந்து உடைந்தது. புதியது கேட்டு எழுதிப் போட்டார்கள், வரவில்லை. ஒருநாள் ஆம்பியா அலசிய துணியின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்து, "பாபு, காரம் இன்னும் போகல. சுரீர்ங்குது" என்றாள். மறுபடி அலசினார்கள். சரியாக வந்தது. உப்புத் துணியையும் அப்படியே சொன்னாள்: "இதுல கரிப்பு பத்தாது."

மேஸ்திரி லோக்மான் சர்தார் அவள் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். "பாபு, இனிமே கண்ணாடி எதுக்கு? இது கீழ விழுந்தாலும் உடையாது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் பேர் நோன்தா ஆபா, உப்புக்கார அக்கா.

துணிக்கட்டு ஒவ்வொன்றையும் அவள் நாக்கில் வைப்பாள். தேறினால் கட்டிலுள்ள ஒவ்வொரு துணியின் மூலையிலும் நீல மையில் கட்டைவிரலைப் பதிப்பாள். பிசின் கண்ணாடிபோலத் தெளிவானது. அதனால் அவளுடைய விரல்ரேகை ஷீட்டுக்குள்ளேயே உறைந்து நிற்கும். குல்னாவிலும் ஜெசோரிலும் எத்தனையோ வீட்டுக் கூரைகளில் அவள் விரல் இருந்தது. முதலில் அதில் அவளுக்குப் பெருமைதான்.

இரண்டாம் வருடம் ஒருநாள் மொய்னா பருப்பை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"அம்மா, ஆத்துல கடல்தண்ணி ஏறும்போது போய் அள்ளிட்டு வந்தியா?"

"ஏன்டி?"

"வாயில வைக்க முடியல. உனக்குத் தெரியலையா?"

ஆம்பியா மறுபடி ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, கெட்டியாக ஏதோ இருந்தது. அவ்வளவுதான். வெல்லத்தை எடுத்து வைத்தாள். மணல் மாதிரி கரைந்தது. பச்சை மிளகாயைக் கடித்தாள். எரிந்தது. எரிச்சல் மட்டும் மிச்சமிருந்தது. காரத் தண்ணீர் அதை மட்டும்தான் விட்டுவைத்திருந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக ஒருநாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை அந்த நாக்கு வெந்திருக்கிறது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், வேலையோடு அறையும் போகும். சோடாக் காரம் இன்னும் சுரீரென்றதால் பாதி வேலை தானே நடந்தது. மீதிப் பாதிக்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். உப்புத் துணிக் கட்டு ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இழையை உருவி, முதல் கட்டுக்கு ஒரு முடிச்சு, இரண்டாவதுக்கு இரண்டு என்று முடிந்து, சேலைத் தலைப்பில் செருகிக்கொள்வாள். மத்தியானம் சாப்பிடப் போகும்போது மொய்னா வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"இது கரிக்குது. இதுவும். இது... தூ! இதுல போட்டு கொட்டியிருக்கீங்க."

"துப்பிடு, துப்பிடு. முழுங்காத."

"சம்பளம் உனக்கு, வாய் என்னுதா? வெல்லம் குடு."

பன்னிரண்டு வயது மொய்னாவுக்கு இது விளையாட்டு. ஒவ்வொரு இழைக்கும் ஒரு கிள்ளு வெல்லம். ஆம்பியா திரும்பி வந்து தேறிய கட்டுகளுக்கு விரல் பதிப்பாள். இப்படியே எட்டு மாதம் ஓடியது.

அடுத்த ஆஷாட மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. கம்பெனிக்கு ஷீட்டுகள் திரும்பி வர ஆரம்பித்தன. ஓரங்கள் ஊதி, அடுக்குகள் பிரிந்து, மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சணல் என்றால் பொன்னிறமாக மின்னவேண்டும் என்பது எங்கள் ஊர் ஆட்களின் கண்ணில் ஊறிப்போன கணக்கு. வெள்ளையாகப் பூத்தால் அது பூஞ்சை, அழுகல். வாங்கியவர்கள் "அழுகின சணலைத் தலையில கட்டிட்டீங்க" என்று கத்தினார்கள். பிஜன் பாபு முதலாளியிடம் விளக்கினார். "அழுகல் இல்ல சார். தீ உப்புக்குக் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கற குணம் உண்டு. துணிய நாலு நாள் நல்லா காயவெச்சு, ஷீட்டோட ஓரத்துக்கு ரெண்டு தடவ பிசின் பூசிட்டா ஈரம் உள்ள போகாது. தீக்கும் தாங்கும், மழைக்கும் தாங்கும்."

"மழைக்காலத்துல நாலு நாள் எங்க காயவைக்கறது? உன் தலையிலயா?" என்றார் முதலாளி. "வாங்க வர்றவன் ஷீட்டு மேல ஒரு வாளி தண்ணி ஊத்திப் பார்க்கறான். எவனாவது தீ வெச்சுப் பார்க்கறானா?"

பிஜன் பாபு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரத்திலிருந்து உப்பு மூட்டைகள் தொட்டிப் பக்கம் வரவில்லை.

"அம்மா, இது சப்புனு இருக்கு" என்றாள் மொய்னா. "இதுவும் சப்புனு. எல்லாமே சப்புனுதான். என்ன ஏமாத்தறியா?"

ஆம்பியா நான்கு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் சர்தாரிடம் போய், "தொட்டியில உப்பே இல்ல பாய்" என்றாள்.

சர்தார் அவளை பிஜன் பாபுவின் மேசைக்கு அழைத்துப்போனான். ஒரு தம்ளரை நீட்டினான். "தொட்டித் தண்ணி. நாக்குல வெச்சுச் சொல்லு, எவ்வளவு கரிப்பு?"

அவள் வைத்தாள். மகள் பக்கத்தில் இல்லை, இதற்குள் கொஞ்சம் உப்புப் போட்டிருப்பார்களோ என்னவோ. இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கொஞ்சம்... கொஞ்சந்தான் இருக்கு" என்றாள்.

சர்தார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பார்த்தீங்களா பாபு? இது குடிக்கற தண்ணி! நாக்கா இது, செருப்புத் தோலு!" பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் அருகில் வந்தான். "உன் நாக்கு செத்துப்போச்சுன்னு எனக்கு ஆறு மாசமாத் தெரியும். டீயில ஒரு கை உப்பப் போட்டுக் குடுத்தேன் ஒருநாள், மடக் மடக்குனு குடிச்ச. அப்பவே துரத்தியிருப்பேன். ஏன் துரத்தலன்னு இப்பப் புரியுதா? எனக்கு இப்ப வேண்டியது இந்த நாக்குதான். போ. போய் விரல வை. இல்ல, அறைச் சாவிய வெச்சுட்டுப் போ."

அவள் பிஜன் பாபுவைப் பார்த்தாள். அவர் ஏதோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டார். பேனாவில் மூடி இருந்தது.

ஆம்பியா தொட்டிக்குத் திரும்பினாள். அன்று இருபத்திரண்டு கட்டுக்கு விரல் பதித்தாள். அன்று மத்தியானம் இழை எதையும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மொய்னா வெல்லம் போச்சே என்று சிணுங்கினாள்.

ஈகைப் பெருநாளுக்கு முதலாளி தொழிலாளிகளுக்குப் பரிசு அறிவித்தார். லைன் வீட்டின் துருப்பிடித்த தகரத்தைப் பிரித்துவிட்டு, அந்த மழைக்காலத்தில் செய்ததில் நெளிவு சரியாக வராத ஷீட்டுகளை வேய்ந்தார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். அறை குளுகுளுவென்று ஆனது. மொய்னா பாயில் மல்லாந்து படுத்துக் கூவினாள்: "அம்மா! உன் விரலு! இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு... ஏழு இருக்கு!" ஆம்பியா அண்ணாந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் ஒருக்களித்தே படுத்தாள்.

பக்கத்து அறை ஷாஹிதா மண்ணடுப்பை உள்ளேயே வைத்திருந்தாள். சணல் குச்சியைக் கொத்தாகச் செருகி எரிப்பாள். சுவாலை ஆளுயரத்துக்கு எழும்பும்.

"ஷாஹிதா, அடுப்ப வெளிய வெச்சுக்கோயேன்."

"மழையிலயா? உன் புருஷன் சட்டக்ராம்லேருந்து வந்து குடை பிடிப்பானா ஆபா?"

"இல்ல, புகை..."

"உன் நாக்குக்குத்தான் வேலை குடுத்திருக்காங்க, மூக்குக்கு இல்ல."

ஆம்பியா தன் அறைக்குத் திரும்பினாள். காரணத்தை ஒரே ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். சொன்னால் லைன் முழுக்கத் தெரியும், சர்தாருக்குத் தெரியும், சாவியைக் கேட்பான். மகளுக்கு மட்டும், "அடுப்பு எரியறப்ப உள்ள இருக்காத" என்று சொல்லிவைத்தாள். மொய்னா ஏன் என்று கேட்டாள். "சொன்னாக் கேளு" என்றாள்.

ஆஷாடம் போய் இரண்டு மாதம் கழித்து, பாத்ர மாதம் ஒரு மத்தியானம். மொய்னாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். எழுந்து நடக்கத் தெம்பில்லை. ஷாஹிதா கருவாட்டுக் குழம்பைக் கொதிக்கவிட்டுவிட்டுக் குச்சி எடுக்கப் போனாள். திரும்பி வருவதற்குள் கூரை பிடித்துக்கொண்டது. ஒரு ஷீட்டிலிருந்து அடுத்ததற்குத் தீ ஓடியதை எதிர்க்கடைக்காரர் பார்த்தார். ஓடியது என்றுதான் அவரும் சொன்னார். பிசின் கறுப்பு நெருப்பாகச் சொட்டியது. மற்ற ஏழு அறைகளிலும் இருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஐந்தாவது அறையில் ஆள் இருக்கிறது என்பது கூரை உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கு நினைவு வந்தது.

ஆம்பியா கையில் காரத் தண்ணீர் வடிய ஓடிவந்தாள். நான்கு பேர் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "விடுங்க, என் நாக்கு உள்ள இருக்கு" என்று கத்தினாளாம். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள்.

மொய்னாவை அடக்கம் செய்த நான்காம் நாள், ஆம்பியா கொட்டகையின் மூலையில் சாக்கு விரித்துப் படுத்திருந்தாள். சர்தார் வந்து குந்தினான். குரல் தேனாக இருந்தது.

"நாளைக்கு டவுன்லேருந்து அதிகாரி வர்றாரு. எரியாத துண்டுல உன் விரல் இருக்கு. ரெண்டு துணி குடுப்பாங்க. ஒண்ணு உப்புத் துணி, இன்னொண்ணு சாதா. இடது பக்கம் இருக்கறதுதான் உப்பு. அதைச் சொல்லு. நாக்கு நல்லாத்தான் இருக்கு, அன்னிக்கு ஏதோ அசந்துட்டேன்னு சொல்லு. கம்பெனி மன்னிச்சுடும். புது லைன்ல அறை தருவாங்க. நாக்கு செத்துப்போச்சுன்னு சொன்னியோ, மறைச்சு ஏமாத்தினதுக்கு ஜெயில்."

"எப்படி இருக்குன்னு கேட்டா?"

"உப்பு எப்படி இருக்கும்? நீயே ஏதாவது சொல்லு."

அன்று மாலைதான் அவள் அடிபம்புக்கு வந்தாள். கேட்டுப் பார்க்க மகள் இல்லை. நான் நின்றிருந்தேன், என்னிடம் கேட்டாள். ஆம், அப்போது அவள் பொய் சொல்லத்தான் தயாராகிக்கொண்டிருந்தாள். அண்ணன் வீட்டுச் சோற்றுப்பானை அவள் கண்ணிலிருந்து இன்னும் போகவில்லை. இதை என்னிடம் அவளே சொன்னாள்.

ஆபீஸ் அறையில் அதிகாரி, முதலாளி, பிஜன் பாபு, சர்தார். வாசலில் லைன் ஆட்கள். மேசையில் கருகிய ஷீட் துண்டு ஒன்று. அதன் மூலையில் நீல விரல் சிரித்துக்கொண்டிருந்தது. அவள் விரலைக் காகிதத்தில் உருட்டி ஒத்துப்பார்த்தார்கள். பிறகு இரண்டு துணி: ஒன்று அன்று காலை தொட்டியில் முக்கிக் காயவைத்தது, மற்றது சாதா.

"பயந்து பயந்து ருசி பார்க்க வேணாம், தைரியமாப் பாரு நோன்தா" என்றான் சர்தார்.

அவள் இடதுபக்கத் துணியை நாக்கில் வைத்தாள்.

"இதுதான்."

"எப்படி இருக்கு?" என்றார் அதிகாரி, எழுதிக்கொண்டே.

அவள் வாயைத் திறந்தாள். 'கரிக்கும்' என்ற வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று தேடினாள். மொய்னா முகத்தைச் சுளித்துத் துப்புகிற காட்சிதான் வந்தது. புது லைனில் கிடைக்கப்போகும் அறையில் யார் படுப்பார்கள் என்று அப்போதுதான் முதல்முறை நினைத்தாளாம்.

"தெரியல சார். என் நாக்கு செத்து வருஷம் ஒண்ணாச்சு. ருசி பார்த்தது என் மக. உப்பில்லன்னு அவதான் சொன்னா. நான் விரல் வெச்சேன். சர்தாருக்கும் தெரியும். பாபுவுக்கும் தெரியும்."

"பொய்! வெறி பிடிச்சிருக்கு இவளுக்கு!" என்றான் சர்தார்.

அதிகாரி பிஜன் பாபுவைப் பார்த்தார். பிஜன் பாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எதையும் பார்க்கல சார்."

அதிகாரியின் சிகரெட் பெட்டிக்குப் பக்கத்தில் தீப்பெட்டி இருந்தது. ஆம்பியா அதை எடுத்து, இடதுபக்கத் துணியில் தீ வைத்துத் தூக்கிப் பிடித்தாள். உப்புத் துணியென்றால் கருகி அணைந்திருக்கவேண்டும். அது திரியைப் போல எரிந்து அவள் விரல்வரை வந்தது. அவள் கீழே போடவில்லை.

"இது இன்னிக்குத் தொட்டியில முக்கின துணி சார். பாருங்க. இன்னிக்கும் உப்பு இல்ல."

அறையிலிருந்த எல்லோரும் பார்த்தார்கள். வாசலில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். சர்தார் அவள் கையைத் தட்டிவிட்டு, துணியைச் செருப்பால் மிதித்து அணைத்தான்.

அதிகாரி எழுதியது இது: தன் புலன் கெட்டுப்போனதைத் தொழிலாளி மறைத்துள்ளாள், ஒப்புக்கொண்டாள், விசாரணையின்போது அலுவலகத்துக்குத் தீ வைக்க முயன்றாள்.

அவளுக்கு ஒன்பது மாதச் சிறை. கம்பெனி ஷீட்டுகளுக்கு வேறு பெயர் வைத்து, மேலே பச்சைச் சாயம் பூசி விற்கிறது. தொட்டிக்கரையில் இப்போது நாக்கு வைப்பவள் ஷாஹிதா. அன்று கூரைத் தீயில் கருகிய கையோடு அந்த வேலைக்குக் கெஞ்சி நின்றாள், அறை வேண்டுமே. பிஜன் பாபுவின் மேசைக்குப் புதுக் கண்ணாடிக் குழல் வந்துவிட்டது. உறையைப் பிரிக்கவில்லை என்கிறார்கள்.

ஆம்பியா ரூப்சா படகுத்துறையில் பொரி விற்கிறாள். கடுகெண்ணெயும் மிளகாயும் கலந்து தருவாள். உப்பை மட்டும் தனிக் கிண்ணத்தில் வைத்து, "நீங்களே போட்டுக்கோங்க" என்பாள். தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள். போன பௌஷ மாதக் குளிரில் அங்கே உட்கார்ந்துதான் இவ்வளவையும் எனக்குச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "எழுதறதா இருந்தா, நானும் தெரிஞ்சேதான் வெச்சேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ சணல் ஷீட் கூரை இருந்தால், மூலையில் பச்சைச் சாயத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். நீலக் கட்டைவிரல் தெரிந்தால், ஓரத்திலிருந்து ஒரு விரல் அகலம் வெட்டி எடுத்து, வெளியே கொண்டுபோய்த் தீ வைத்துப் பாருங்கள். கருகி அணைந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். எரிந்தால் அடுப்பை இன்றே வெளியே வையுங்கள், ஏன் என்று பக்கத்து வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தக் கதையைப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். எழுதத் தெரிந்தவர்கள் படி எடுத்து அடுத்த ஊருக்கு அனுப்புங்கள்.